தனி அடுப்பும் தனி நாடும்

‘தை இரண்டாம் வியாழன், காரைக்குடி–கண்டனூர் டவுன் பஸ்’ என்று என் குறிப்பில் இருக்கிறது. முன் இருக்கையில் அக்காளும் தங்கையும். தங்கை மதுரையில் சட்டம் கற்பிப்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அக்காளின் கொழுந்தன் மனைவி செல்வி, ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துவிட்டாராம். குலதெய்வக் கோயில்காரர்களும் அவரைத் தனித் தலைக்கட்டாக, அதாவது வரி கட்டும் தனிக் குடும்பமாகச் சேர்த்து, கிடாக்கறிப் பங்கைத் தனியே அனுப்பிவிட்டார்களாம்.

“எனக்குக் குடுத்த அதே அளவு பங்குடி அவளுக்கும்! நான் ஒத்துக்காம அவ எப்படித் தனி வீடாவா?”

“எது தனி நாடுன்னு சட்டத்துலயும் இதே வழக்குத்தான். மத்த நாடு ஒத்துக்கிட்டாத்தான் நாடுன்னு ஒரு கட்சி இருக்குக்கா. நெலம், சனம், அரசாங்கம், அடுத்த நாட்டோட பேசிப் பழகுற தெம்பு, இந்த நாலும் இருந்தாலே நாடுதான்னு இன்னொரு கட்சி. இப்ப ரெண்டாவதுக்குத்தான் பலம்.”

“அவளுக்கு ஏது சனம்? புருசனும் பொண்டாட்டியுந்தான்.”

“ஒம்மவன் எங்க சாப்புடுறான்?”

அக்காள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அங்குட்டுத்தான். மீன்கொழம்புல என்னதான் போடுறாளோ, பாவி.”

“அப்ப சனமும் வந்தாச்சு, போ.”

தங்கை சொன்ன இரண்டு கட்சிகளும் உண்டு என்பதைப் பிறகு நூலகத்தில் சரிபார்த்துவிட்டேன். மகன் இப்போது எந்த அடுப்பில் சாப்பிடுகிறான் என்பது மட்டும் உறுதியாகவில்லை.