ஏழு திரைகளில் திறந்த குளம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், எங்கள் ஆய்வு நிலையத்தின் இயக்குநரும் எனக்கு மேலதிகாரியுமான ஐயா அவர்களே! கடலில் நரைத்த தலையோடு கரையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த மாலுமிகளே! கப்பல் கிளம்பிய நாள்முதல் தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் தாய்மார்களே! அப்பாவின் முகத்தைத் திரையில் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளே! என்னைப் பேச அழைத்துவிட்டு, ஏன் அழைத்தோம் என்று இன்னும் சற்று நேரத்தில் வருந்தப்போகிற விழாக் குழுவினரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

"நம் நிலையத்தின் சாதனைகள்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் இன்று சாதனை சொல்ல வரவில்லை. தவறு சொல்ல வந்திருக்கிறேன்.

என் வேலை என்ன? கடலைக் கணினிக்குள் ஓடவிடுவது. உலகக் கடல் முழுவதையும் கட்டம் கட்டமாக அறுத்து, இந்தக் கட்டத்தில் இவ்வளவு ஆழம், இவ்வளவு சூடு, இவ்வளவு உப்பு என்று எண்ணாக எழுதி, மேலே காற்றை வீசவிட்டு, வெயிலைக் காயவிட்டு, எங்கே நீர் உறையும், எங்கே பனி பிளக்கும் என்று பார்ப்பது. அதற்குப் பெயர் மாதிரி. எங்களிடம் எட்டு மாதிரிகள் இருந்தன. நம் நாட்டிலும் வெளிநாடுகளிலுமாக எட்டுக் குழுக்கள், எட்டு விதமாக எழுதியவை. எட்டுக்கும் ஒரே காற்று, ஒரே வெயில் கொடுப்போம். ஒரே கேள்வித்தாள், எட்டு மாணவர்கள்! விடைகள் ஒத்துப்போனால் நம்புவோம். ஒன்று மட்டும் விலகினால் அதை ஒதுக்கிவிட்டு மீதியின் சராசரியை எடுப்போம். இதுதான் எங்கள் தொழிலின் வழக்கம்.

அந்த எட்டாவது மாதிரியை எழுதியவருக்கு நாங்கள் வைத்த பெயர் குறுக்குசால். சிரிக்கிறீர்கள்! எல்லோரும் ஒரு பக்கம் உழுதால் அவர் குறுக்கே உழுவார். கடலின் ஆழத்துக்கு மற்ற ஏழு குழுக்களும் பொதுவான வரைபடம் ஒன்றை வைத்திருந்தோம். அவர் அதைத் தொடமாட்டேன் என்றார். பழைய கப்பல்கள் கயிறு விட்டு அளந்த ஆழங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார், நான்கு ஆண்டுகள். "ஏங்க, இருக்கறத எடுத்துக்கிட்டா என்ன?" என்று நானே கேட்டிருக்கிறேன். "யாரு அளந்தாங்கன்னு தெரியாத ஆழத்துல நான் இறங்கமாட்டேம்மா" என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், துருவ முகாமுக்கு எரிபொருளும் உணவும் ஏற்றிக்கொண்டு நம் கப்பல் கிளம்பியது. முப்பத்துநான்கு பேர். இந்தக் கூடத்தில் பாதி வீடுகள் அந்தக் கப்பலில் இருந்தன. என் வீடும் இருந்தது. இயந்திர அறைப் பொறியாளர் என் தங்கை.

எந்த வழி போவது? ஏழு மாதிரிகள், கிழக்கே பனிக்கு நடுவில் உறையாத நீர் ஒரு குளமாகத் திறக்கும் என்றன. இடமும் ஒன்று, நாளும் ஒன்று. எட்டாவது மட்டும், கிழக்கே கெட்டிப் பனி, மேற்கே போ என்றது. அதை ஒதுக்கியது யார்? நான். கிழக்கே போகலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்? நான்.

பதினோராம் நாள், பகல் இரண்டு மணி. ஒப்பீட்டு அறையில் எட்டுத் திரைகளும் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. தொலைபேசி ஒலித்தது. தங்கை.

"அக்கா, நீ குடுத்த படத்துல நாங்க எங்க இருக்கோம்?"

"குளத்துக்கு நடுவுலடி. நல்லா தண்ணி இருக்குமே!"

"நான் மேல்தளத்துல நிக்கிறேன். கண்ணுக்கெட்டின வரைக்கும் வெள்ளை. இறங்கி நடந்தே போகலாம். கப்பல் நகரல. இரும்புக்கு அந்தப் பக்கம் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நேத்துலேருந்து நிக்கவே இல்லக்கா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஏழு திரைகளிலும் நீலக் குளம். ஏழு குளங்களின் நடுவிலும் நம் கப்பலின் சிறு புள்ளி நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது. காதில் பல்லைக் கடிக்கும் சத்தம், கண்ணில் அசையாத நீலம்! அன்றுதான் அந்தக் குளத்தின் வடிவத்தை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். காது போன்ற வடிவம், கீழே சிறு மடலோடு. ஏழிலும் அதே காது, அதே மடல். இயற்கை ஒன்றை ஏழு முறை வரைந்தால் ஏழும் ஒரே மாதிரியா இருக்கும்? ஏழு மாணவர்கள் ஒரே தவற்றை, ஒரே எழுத்துப்பிழையோடு எழுதினால் என்ன அர்த்தம்? அதோ, மூன்றாம் வரிசையில் ஓர் ஆசிரியை சிரிக்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியப் பதினோரு நாள் ஆனது.

ஒரு மாதிரியில் குளத்துக்கு முந்தைய சில நாட்களை மட்டும் மறுபடி ஓடவிட்டு, காற்றை நிறுத்தினேன். குளம் திறந்தது. சூரியனை அணைத்தேன். இருட்டில், காற்றில்லாத கடலில், அதே நாளில், அதே காது திறந்தது! மேலேயிருந்து எதுவும் அதைத் திறக்கவில்லை என்றால், கீழே இருக்கிறது காரணம். கடலடிக்குப் போனேன். அங்கே ஒரு நீண்ட மேடு உண்டு. ஆழத்தின் வெதுவெதுப்பான நீர் பனிக்கடியில் வராமல் தடுப்பது அந்த மேடுதான். எங்கள் பொது வரைபடத்தில் அந்த மேட்டின் ஒரு கட்டம் உடைந்து கிடந்தது. ஒரு கட்டம் என்றால் சின்னதல்ல, ஒரு நகரமே அடங்கும். அந்த உடைப்பின் வழியே இல்லாத வெந்நீர் வந்து, இருக்கிற பனியை உருக்கிக்கொண்டிருந்தது.

யார் உடைத்தது? வரைபடக் கோப்பின் குறிப்பைத் திறந்தேன். அந்தக் கட்டத்துக்கு நேராக ஒரே வரி: "இங்கே கணக்கு நின்றுபோகிறது. ஆழத்தைக் கூட்டியிருக்கிறேன். இப்போதைக்கு."

இப்போதைக்கு! அலுவலகங்களில் நாம் எத்தனை முறை சொல்கிறோம் அந்தச் சொல்லை! கதவுக்குக் கம்பி, இப்போதைக்கு. குழாய்க்குத் துணி, இப்போதைக்கு. அந்த வரிக்குக் கீழே தேதி இருந்தது, இருபத்திரண்டு ஆண்டுக்கு முந்தையது. தேதிக்குக் கீழே இரண்டு எழுத்துகள் இருந்தன. அவை என் பெயரின் எழுத்துகள்.

ஆம், பெரியோர்களே. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மேடு இருந்த இடத்தில் நீரின் வேகம் எகிறி, கணக்கு நின்று நின்று போனது. மறுநாள் காட்ட வேண்டும். ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். ஓடியது. அதன்பின் மறந்தே போனேன். அந்த வரைபடம் கைமாறி, நாடு மாறி, ஏழு மாதிரிகளுக்குள் குடிபோனது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து, ஏழு முகங்களோடு திரும்பி வந்து, "ஆமாம் ஆமாம்" என்று எனக்கே தலையாட்டியது.

அதற்குள் கப்பல் தலைவரே அழைத்தார்.

"மேடம், இன்னும் கிழக்கே முட்டிப் பாக்கறதா, இல்ல பின்னாடி உடைச்சுக்கிட்டு மேற்கே திரும்பறதா? ஏழு பேர் கிழக்கேங்கறாங்க, ஒருத்தர்தான் மேற்கேங்கறாரு."

"ஏழு பேர் இல்ல கேப்டன். ஏழும் ஒரே ஆள்."

"யாரு அது?"

"நான்தான். நான் சொன்னது தப்பு."

மறுமுனையில் பல்லைக் கடிக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"சரி. மேற்கு" என்றார்.

பத்தொன்பது நாள் பிடித்தது. முப்பத்துநான்கு பேரும் வந்து சேர்ந்தார்கள். தாமதத்துக்கு உங்களிடம் என்ன காரணம் சொன்னோம்? எதிர்பாராத காற்று என்றோம். காற்றல்ல தாய்மார்களே, அது நான்! முணுமுணுக்கிறீர்கள். நன்றாகவே திட்டுங்கள். வாங்கிக்கொள்ளத்தான் நிற்கிறேன்.

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளவும்." முடிக்கிறேன் ஐயா. முக்கியமானது இனிமேல்தான்.

அந்த உடைப்பை அடைத்துவிட்டேன். ஏழு மாதிரிகளிலும் மேடு முழுசாக நிற்கிறது. ஆனால் இந்த ஆண்டின் காற்றையும் வெயிலையும் கொடுத்து, அவை முதலிலிருந்து ஓடி முடிக்க மூன்று மாதம் வேண்டும். காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. இப்போது நிலையம் நான்கு புதிய இயந்திரங்களை வாங்கியிருக்கிறது. அவை கணக்குப் போடுவதில்லை. பழைய ஏழு மாதிரிகளும் இருபத்திரண்டு ஆண்டுகளாக வரைந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, தாமே அடுத்த படத்தை வரையக் கற்றவை. மூன்று மாத வேலை, மூன்று நிமிடத்தில்!

போன வாரம் நான்கையும் ஓடவிட்டார்கள். நான்கு திரைகள். நான்கிலும் கிழக்கே, அதே நாளில், அந்தக் காது திறந்தது. மடல் உட்பட.

அவற்றுக்குக் கடலடி கிடையாது. மேடு கிடையாது. அடைப்பதற்கு உடைப்பும் கிடையாது. அவற்றை அமைத்த பொறியாளரிடம், "இந்தக் குளம் உள்ள எங்க இருக்கு? காட்டுங்க, அழிச்சிடறேன்" என்றேன். அவர் சொன்னார்: "அப்படி ஒரு இடத்துல இல்லைங்க. எல்லாத்துலயும் கலந்திருக்கு."

இன்னும் ஒன்பது நாளில் நம் கப்பல் மறுபடி கிளம்புகிறது. அறிக்கை தயார்: "நான்கும் ஒத்துப்போகின்றன. கிழக்கு வழி." எட்டாவது மாதிரியை இந்த முறை ஓட்டவே இல்லை. விலகும் என்று தெரியுமாம்! தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். ஒத்துப்போவது உண்மையா? ஒரே கை ஊட்டி வளர்ந்தவை ஒரே சொல் பேசினால் அது சாட்சியா? நான்கு பேர் தலையாட்டினால் பனி உருகிவிடுமா? மூன்று மாதம் கப்பல் கரையில் நிற்கட்டும். எட்டும் ஓடி முடியட்டும். முகாமில் ஆறு மாதத்துக்கு உணவு இருக்கிறது, அதையும் விசாரித்துவிட்டுத்தான் பேசுகிறேன். இன்று இந்தக் கூடத்தைவிட்டு எழுந்து போகும் முன், அவைத்தலைவரிடம் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நேற்று தங்கை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "நீ கையெழுத்துப் போடு அக்கா, நான் ஏறுறேன்" என்றாள். என்னை அவ்வளவு நம்புகிறாள். அந்த நம்பிக்கைதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

ஐயா, இதோ நீங்கள் கொடுத்த அறிக்கை. கடைசிப் பக்கத்தில் என் பெயர் அச்சாகியிருக்கிறது, அதற்கு மேலே கோடு காலியாக இருக்கிறது. இத்தனை பேர் பார்க்க, உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்களுக்கும், திட்டியவர்களுக்கும், இனிக் கேள்வி கேட்கப்போகிறவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.