காய்ந்த கிளை முனகாது

இந்த மனிதரின் முகத்தைவிட இவர் பூட்ஸின் அடிப்பக்கம்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து மரம் வெட்ட இவர் மேலே, உதவிக்கு நான் கீழே. அண்ணாந்து பார்த்தே என் கழுத்து தேய்ந்திருக்கும். அந்த வலியில் பயம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

— மேனேஜரம்மா! காதுல மாட்டியிருக்கிற ஹெட்செட் வேலை செய்யுதா, இல்ல நின்னுக்கிட்டே தூங்குறியா? அடுத்த துண்டு வருது. கீழ ஆள் இல்லையே?

— யாரும் இல்லீங்க. போடுங்க.

— ஐயையோ! என்னம்மா இது, என் நெஞ்சே விழுந்த மாதிரி இருக்கு!

— நெஞ்சு பத்திரமா இருக்கும்மா, விழுந்தது மரம்தான். கயிறு கட்டியிருக்கிற இடத்துக்கு வெளியவே நில்லுங்க. வீடு உங்களுதுதான். ஆனா வேலை முடியிற வரைக்கும் கயித்துக்கு உள்ள அவர் ராஜ்ஜியம்.

— யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?

— வீட்டம்மாகிட்டதாங்க. சத்தம் கேட்டுப் பயந்துட்டாங்க.

— பயந்தா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கச் சொல்லு. காலையிலேர்ந்து வேப்பிலை அடிக்கிற மாதிரி ‘ஐயையோ ஐயையோ’ன்னுக்கிட்டு.

— அம்மா, உங்களைத்தான் விசாரிக்கிறார். வெயில்ல நிக்கிறீங்களேன்னு.

— பாவம், அந்த உயரத்துலயும் என் நெனப்பா! தங்கமான மனுஷன். ஏம்மா, எனக்கு ஒண்ணு புரியல. அடியில ஒரே வெட்டா வெட்டிச் சாய்ச்சா வேலை சட்டுன்னு முடிஞ்சிடாதா? எதுக்கு நுனியிலேர்ந்து நகம் வெட்டுற மாதிரி வெட்டுறார்?

— சாய்க்கிறதுக்கு இடம் வேணுமேம்மா. இந்தப் பக்கம் உங்க வீடு, அந்தப் பக்கம் கரண்ட் கம்பி, பின்னாடி பக்கத்து வீட்டுச் சுவர். எங்க சாஞ்சாலும் யார் தலையிலயாவதுதான். அதான் மேலேர்ந்து துண்டு துண்டா கழட்டிக்கிட்டு வர்றார்.

— ஏறி வெட்டுறவங்களும் இருக்காங்களே. இவ்வளவு பெரிய வண்டியைக் கொண்டுவந்து, அதோட கை நுனியில ஒரு பக்கெட்டுக்குள்ள தொங்கிக்கிட்டு...

— இவரும் கயித்தைக் கட்டிக்கிட்டு ஏறினவர்தான். ஆனா இது செத்த மரம். காலையில சுத்தியலால தட்டினப்போ காலிப் பானை மாதிரி சத்தம் வந்துச்சே, கேட்டீங்கல்ல? அடியில காளான் வேற பூத்திருக்கு. வேர் உளுத்துப்போச்சு. இதை நம்பி உடம்பை ஒப்படைக்க முடியாது. வண்டின்னா மரத்தோட தயவு வேணாம்.

— இப்ப ஏன் ரம்பத்தை நிறுத்திட்டார்?

— இதைப் பாருங்க, இதுதான் பாக்கவேண்டியது. மேலேர்ந்து பாதி வெட்டு. கொஞ்சம் தள்ளி, கீழேர்ந்து பாதி வெட்டு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது. கிளை ஒண்ணுமே நடக்காத மாதிரி நின்னுக்கிட்டிருக்கும். அப்புறம் ரம்பத்தை அணைச்சு ஓரமா மாட்டிட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சு...

— அம்மாடி! சாக்பீஸ் மாதிரி உடைச்சுட்டாரே!

— உடைச்சு, கையிலயே ஏந்தி, எங்க போடணுமோ அங்க போடுறார். உங்க பூந்தொட்டி ஒண்ணாவது உடைஞ்சிருக்கா பாருங்க.

— இல்லையே! எனக்கு ஒரு தேங்காயை ரெண்டு சமப் பாதியா உடைக்க வராது. இது என்ன கைம்மா, வரம் வாங்கின கை!

— என்னங்க, வீட்டம்மா உங்க கையை வரம் வாங்கின கைங்கிறாங்க.

— அந்த வரத்துக்கு முதுகுவலியும் இலவசம்னு சொல்லு.

— என்னம்மா சொல்றார்?

— சந்தோஷம்கிறார்.

— கேக்குறேன்னு தப்பா நெனச்சுக்காத. இவர் மேல நிக்கும்போது உனக்குப் பயமா இருக்காதா?

— பயந்தான்மா. மொத தடவையே பயந்தேன். எங்க தெருவுல மரம் வெட்ட வந்தவர்தான் இவர். நான் மொட்டைமாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பாத்தா எனக்கு நேரா ஒரு கிளையில நிக்கிறார். ‘கொஞ்சம் துணியை எடுத்துக்கிறீங்களா, தூள் விழும்’னார். எங்க வீட்டுல அதுவரைக்கும் என்னை யாரும் நீங்கன்னு கூப்பிட்டதில்ல.

— அதுல விழுந்துட்டியாக்கும்.

— அவர் விழல. நான்தான் விழுந்தேன்.

— நல்லா பேசுற! வீட்டுலயும் இப்படித்தானா? அவர் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு சொல்லுவியா?

— எங்கம்மா! வெளியிலதான் வாய். அவர் எது சொன்னாலும் சரின்னே பழகிட்டேன். எந்த ஊர்ல வேலை, எந்த வீட்டுல குடித்தனம், புள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், எல்லாத்துக்கும் சரி. அவர் அதட்டினதில்ல, பொய் சொல்லக்கூடாது. இவ்வளவு அழகா ஒரு வேலையைச் செய்யிற ஆளு தப்பா யோசிப்பாரான்னு ஒரு எண்ணம். இப்பதான் சில நாளா, நானும் யோசிக்கணுமோன்னு... சரி, அதை விடுங்க.

— மேனேஜரம்மா, கதை முடிஞ்சுதா? இங்க ஒரு சிக்கல். பின்பக்கத்து ரூமுக்கு மேல படுத்திருக்கே ஒரு கிளை, அது எட்டல. வண்டிக் கையை முழுசா நீட்டியாச்சு.

— வண்டியை முன்னாடி எடுக்கட்டுமா?

— முன்னாடி செப்டிக் டேங்க் மூடி. வண்டி சாயாம நிக்கிற இரும்புக் காலை அங்க ஊணினா வண்டியும் நானும் உள்ள போய்த்தான் குடித்தனம் பண்ணணும். பக்கத்துச் சந்துல நிறுத்தினா எட்டும். ஆனா அங்க ஒரு கார் நிக்குது.

— அம்மா, சந்துல நிக்கிற கார் யாருது? நகர்த்தச் சொல்ல முடியுமா?

— பக்கத்து வீட்டுக்காரருது. அவர் வெளியூர் போயிருக்காரே, சாவியும் அவர்கிட்ட. நாளைக்குக் காலையிலதான் வருவார். ஏன்?

— கடைசிக் கிளை ஒண்ணு இங்கேர்ந்து எட்டலையாம்மா. நாளைக்கு வந்துதான் எடுக்கணும்.

— நாளைக்கா! ஐயையோ, அது நடக்காதும்மா! என் மக ஆஸ்பத்திரியிலேர்ந்து குழந்தையைத் தூக்கிக்கிட்டு சாயங்காலம் வர்றா. கிளைக்குக் கீழ இருக்கிற அந்த ரூம்லதான் தொட்டில் போட்டு வெச்சிருக்கேன். அதுக்காகத்தானே அவசர அவசரமா உங்களைக் கூப்பிட்டேன்!

— என்ன ஒரே அழுகையா கேக்குது?

— மக பச்சைக்குழந்தையோட சாயங்காலம் வருதாம். அந்த ரூம்லதான் படுக்கையாம். வேற ரூம் இருக்கான்னு கேக்குறேன்.

— அதெல்லாம் கேக்காத. இன்னைக்கே முடிச்சுக் குடுத்துடலாம். ரெண்டடிதான் எட்டல. என் பெல்ட்டைப் பக்கெட்டோட மாட்டியிருக்கிற கொக்கியைக் கழட்டிட்டு, விளிம்பைத் தாண்டி கிளைமேல ஒரு கால் வெச்சேன்னா முடிஞ்சுது.

— கிளைமேலயா?

— பின்ன வானத்து மேலயா? இந்த வண்டி வந்ததுலேர்ந்து நான் ஒரு மரத்தை மிதிச்சதில்ல, தெரியுமா? தொட்டில்ல போட்ட குழந்தை மாதிரி இதுக்குள்ளயே நின்னுக்கிட்டிருக்கேன். காலுக்குக் கீழ கிளை இருந்தா எனக்குத் தெரியும், தாங்குமா தாங்காதான்னு.

— உயிரோட இருக்கிற கிளை ஒடியிறதுக்கு முன்னாடி முனகும், காய்ஞ்சது சொல்லாம போயிடும்னு நீங்கதானே சொல்லுவீங்க.

— அது கத்துக்குட்டிங்களுக்குச் சொல்றது. எனக்கே திருப்பிச் சொல்றியே.

— ஏம்மா, என்ன சொல்றார்? முடியுமாமா?

— அம்மா, முன்பக்கத்து ரூம்ல தொட்டிலைப் போட முடியுமா? இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும்.

— அங்க ஒரே சாமான். மாத்தணும்னா மாத்தலாம்தான், ஆனா... அவர் முடியும்னு சொல்றாரா இல்லையா?

— கிளைமேல இறங்கி நின்னு எடுக்குறேங்கிறார்.

— அப்ப செய்யச் சொல்லேம்மா! இவ்வளவு நேரமா நானும் பாக்குறேனே. அந்தக் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

— பாத்தியா, அந்தம்மா சொல்றது எனக்கே கேக்குது. முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்றாங்க. நீ என்ன சொல்ற? நீ சரின்னு சொல்லாம நான் என்னைக்காவது ஒரு கிளையில கால் வெச்சிருக்கேனா? சரின்னு சொல்லு.

என் சரியில் இத்தனை பாரம் இருந்ததா? அது வெறும் காற்று என்றல்லவா நினைத்திருந்தேன்.

— நேரம் ஆகுது. சொல்லு.

— ரம்பத்தை அணைச்சுட்டீங்களா?

— அணைச்சுட்டேன். ஓரமா மாட்டியாச்சு.

— கொக்கி?

— இன்னும் கழட்டல, மாட்டித்தான் இருக்கு. நீ சொன்னதும் கழட்டப்போறேன்.

— இழுத்துப் பாருங்க.

— இதோ, கெட்டியா இருக்கு. இவ்வளவு சோதனையா? மேனேஜர்னா மேனேஜர்தான்... ஏய்! பக்கெட் அசையுது. நான் எதையும் தொடலையே!

— நான்தாங்க. முதல்ல கிளையை விட்டு விலக்குறேன், அப்புறம் இறக்குறேன்.

— நீயா! இங்க நான் கைப்பிடியை அழுத்துறேன், ஒண்ணும் நடக்கலையே!

— கீழ வண்டியில இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சுட்டா மேல இருக்கிறது கேக்காதுங்க. ஆபத்துக்குன்னு வெச்சிருக்காங்க.

— இங்க என்ன ஆபத்து? நான் நல்லாத்தானே நிக்கிறேன்!

— நல்லாத்தான் நிக்கிறீங்க. காலையிலேர்ந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்ல.

— அப்புறம் என்ன? ஊரே பாக்குது. அந்தம்மா என்ன நெனப்பாங்க? இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவை மாட்டேன்னு சொன்னதில்ல!

— என்னம்மா ஆச்சு? இறங்குறாரா? முடிஞ்சுதா?

— இல்லம்மா. வாங்க, தொட்டிலை மாத்தலாம். நானும் ஒரு கை பிடிக்கிறேன், இவரும் பிடிப்பார்.

— நிறுத்துன்னு சொல்றேன்ல! கைப்பிடியை விடு. கேக்குதா இல்லையா?

— கேக்குதுங்க. கையை உள்ள வெச்சுக்குங்க, கூரை ஓரம் வருது.