பதினோரு நிமிட வேலை

சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்தால் காகிதத்தில் எண்ணெய் படும். அதனால் என் பை எப்போதும் காலடியில்தான் இருக்கும். அன்றும் அங்கேதான் இருந்தது, ஐயா.

அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். நோயாளி விவரம், மருந்துக் கிடங்கு, பரிசோதனை முடிவு என்று பதினான்கு மெய்நிகர் கணினிகள். பெயருக்குத்தான் பதினான்கு, எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஓடின. அவற்றுக்கு எப்படி பேக்கப் எடுப்பது என்று முடிவு செய்தவர் என் மேனேஜர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சை டிக். பேக்கப் முடிந்ததென்று திரையில் பச்சை டிக் விழுந்துவிட்டால் மனிதருக்கு உலகமே சுபிட்சம்.

அவர் தேர்ந்தெடுத்தது ஸ்னாப்ஷாட். ஓடுகிற கணினியை அப்படியே படம் பிடித்து, அதே பெட்டியில் வைத்துக்கொள்வது. மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுகிறவனின் புத்தி. முழு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை மீட்டுப் பார்க்க வேண்டும் என்று மீட்டிங்கில் சொன்னேன்.

“பச்சை டிக் வருதுல்ல? அப்புறம் என்னத்துக்குய்யா நோண்டிக்கிட்டே இருக்கே?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மருந்துக் கிடங்குக்காரர்கூட. பேக்கப்புக்கும் பேப்பர் கப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நானே தினமும் மாலையில் வெளி டிஸ்க்கில் முழு நகல் எடுத்தேன். அந்த டிஸ்க் சாப்பாட்டு டப்பாவோடு என் பையிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மூலையில் கிடந்த பழைய கணினியில் அதை மீட்டு ஓட்டிப் பார்த்தேன். நோயாளி விவரம் திரைக்கு வரப் பதினோரு நிமிடம். யாரிடமும் சொல்லவில்லை. யார் கேட்டார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெட்டி செத்தது. ஸ்னாப்ஷாட்டுகளும் கூடவே போயின. பச்சை டிக் வியர்த்து வழிந்தபடி ஊரெல்லாம் போன் போட்டார். ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பத்தரைக்கு ஒரு பெண் கதவைத் தட்டினாள். அவள் அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுநராம்.

“அண்ணே, அப்பாவுக்கு நெருப்பாக் கொதிக்குது. ஏதோ ஒரு ஊசி அவருக்கு ஆகாது, போன தடவை பொழச்சதே பெருசு. அது பேரு கம்ப்யூட்டர்லதான் இருக்காம். டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு.”

“மேனேஜர் பாத்துக்கிட்டிருக்காரும்மா. போய் உக்காரு.”

மரியாதையாகத்தான் சொன்னேன். தண்ணீரும் கொடுத்தேன். பை என் காலில் இடித்துக்கொண்டிருந்தது. “நீ சொன்னது சரிதான்ப்பா” என்று பச்சை டிக் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே டிஸ்க்கை எடுத்துக் கொடுத்திருப்பேன். அந்த அளவுக்கு நான் ஒன்றும் கெட்டவனில்லை.

பன்னிரண்டே கால் வரை டாக்டர் பொறுத்துப் பார்த்தார். இனித் தாங்காது என்று ஊசி போட்டார். அதே ஊசி. ஒரு மணிக்கு அவள் அலறியது எங்கள் அறைவரை கேட்டது.

சத்தம் ஓய்ந்த பிறகு டிஸ்க்கைப் பழைய கணினியில் மாட்டினேன். பதினோரு நிமிடம்தான். ஓட்டுநரின் பெயரைத் தேடினேன். ஊசியின் பெயர் முதல் வரியிலேயே சிவப்பில் இருந்தது. ஓர் எழுத்துகூடக் கெடவில்லை.

வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அன்று அந்தக் கட்டடத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவன் நான் ஒருவன்தான்.