லிசார்தோ ஃபியேரோவின் வலது கை

மேடையில் வீற்றிருக்கும் நகரத் தலைவர் அவர்களே, ஆர்செதோ கால்பந்துக் கழகத்தின் தலைவர் எவேலியோ அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார் திருமதி ஒப்தூலியா அவர்களே, அவரோடு நிலக்கரிச் சுரங்கத்தில் தோளுரச நின்ற தோழர்களே, கொட்டுகிற மழையிலும் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் ஊர் மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் கழகத்தை நாட்டின் முதல் பிரிவுக்கு அழைத்துச் சென்ற அணித்தலைவர், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பயிற்சியாளர், என் மதிப்புக்குரிய லிசார்தோ ஃபியேரோ அவர்கள் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் புகழத்தான் எழுந்து வந்திருக்கிறேன். ஆனால் வாயைத் திறக்கும்போது எனக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம் வருகிறது. ஆம், வெட்கம்!

நேற்று கல்லறைத் தோட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். கழகத்தின் சார்பில் ஒரு மலர்வளையம் வந்தது. சிவப்புப் பூக்களால் செய்த ஒரு முஷ்டி! மடக்கிய ஐந்து விரல்கள்! ஒப்தூலியா அம்மையார், "அதைப் பெட்டி மேல வைக்காதீங்க" என்றார். "ஊர் மரியாதைம்மா, வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்று சொல்லி, வைத்தே விட்டார்கள். அம்மையார் தன் கையாலேயே அதைத் தூக்கிக்கொண்டு போய் மதிற்சுவரோரம் போட்டுவிட்டு வந்தார். யாருக்குச் செய்த மரியாதை அது? செத்தவருக்கா? நமக்கு நாமே செய்துகொண்டதா?

அந்த முஷ்டியின் கதை உங்களுக்கெல்லாம் தெரியும் என்பீர்கள். தெரியும், பாதி தெரியும். நான் அந்த ஆண்டில் இந்த ஊரில் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியையாகப் பின்னால் வந்தவள். மீதிப் பாதியை அவர் வாயாலேயே கேட்டவள். அதைச் சொல்கிறேன். பொறுத்துக் கேளுங்கள்.

முதல் பிரிவில் நாம் ஆடியது ஒரே ஒரு பருவம். தலைநகரத்து அணிகள் வந்தபோது, உடை மாற்றும் அறையில் வெந்நீர் இல்லாமல் அவர்கள் சுரங்கத்துக் குளியலறைக்கு நடந்து போனார்கள்! கரித்தூள் கலந்த நம் மைதானத்தில் அவர்களுடைய வெள்ளைச் சட்டை கறுத்தபோது எவ்வளவு கைதட்டினோம்! அதைத் தவிர கைதட்ட அந்தப் பருவத்தில் என்ன இருந்தது? வாரா வாரம் தோல்வி. செய்தித்தாள்கள் நம்மைக் கேலி செய்தன. கடைசிக்கு முந்தைய ஞாயிறன்று வால்முவேசா அணி வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர், நம்மைப் போலவே சின்ன ஊர், நம்மைப் போலவே அட்டவணையின் அடியில் கிடந்த அணி. தோற்றால் நாம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். ஆட்டம் சமனில் முடிந்து அவர்களுக்கு ஒரு புள்ளி கிடைத்தால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஒரு கோல் கூட விழவில்லை. மூலையிலிருந்து பந்து வந்தது. லிசார்தோ எம்பினார். தலைக்கு எட்டாத பந்து, காதோரம் மடக்கி வைத்திருந்த வலது கையில் பட்டு வலைக்குள் போனது. வால்முவேசாவின் கோல்காவலர் ஒனேசிமோ ரபனால் ஒரு சாண் தூரத்திலிருந்து அதைப் பார்த்தார். நடுவரிடம் ஓடினார். நடுவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் அணித்தலைவரைக் கூப்பிட்டார்.

"கேப்டன், நேராச் சொல்லுங்க. தலையா, கையா?"

"தலைதாங்க."

அந்த ஒரு சொல்! ஒனேசிமோ வெறி பிடித்தவரைப் போல நடுவரின் சட்டையைப் பிடித்துவிட்டார். சிவப்பு அட்டை. நீண்ட காலத் தடை. தடை முடிந்தபோது எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நடுவர் மேல் கை வைத்தவனை யார் சேர்ப்பார்கள்? அவர் மைதானத்தை விட்டுப் போகும்போது இந்த ஊர் முழுவதும் ஒரே குரலில் "அழுமூஞ்சி, அழுமூஞ்சி" என்று பாடியதாமே! அதை இன்றும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்பவர்கள் இருக்கிறீர்கள்.

அடுத்த ஞாயிறு என்ன ஆனது? வால்முவேசா தோற்று இறங்கியது. நாமும் தோற்றோம். நாமும் இறங்கினோம். அந்தக் கோலால் நமக்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை! நாம் மூழ்கும்போது இன்னொரு ஊரின் காலையும் பிடித்து இழுத்துக்கொண்டு மூழ்கினோம், அவ்வளவுதான்.

அப்படியும் நாம் அதைத்தானே கொண்டாடினோம்? மதுக்கடைச் சுவரில் அவர் படத்தை வரைந்தோம். அவர் உள்ளே நுழைந்தால், "அந்தக் கைக்கு ஒரு கோப்பை ஊத்துப்பா!" "எங்கே லிசார்தோ, கையத் தூக்கிக் காட்டு!" அவரும் சிரித்துக்கொண்டு காட்டினார். பல வருஷம் காட்டினார். அதை என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் எப்போது மாறினார் தெரியுமா? நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு சிறுமி பந்தைக் கையால் தட்டி கோல் போட்டாள். நான்தான் நடுவர். "கையில பட்டுச்சாம்மா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், தலை" என்று கண் இமைக்காமல் சொன்னாள். வேலிக்கு வெளியே அவளுடைய அப்பா துள்ளிக் குதித்தார்: "அப்படியே லிசார்தோ! நம்ம ஊருப் புள்ளடா!" பக்கத்தில் நின்ற லிசார்தோ அவர்களின் முகம் சாம்பலாகிப் போனது. அன்று மாலை வந்து கேட்டார்: "டீச்சர், ஞாயித்துக்கிழமை உங்க கார் சும்மாதானே இருக்கு? வால்முவேசா வரைக்கும் போகணும்."

போனோம். ஒனேசிமோ ரபனால் அங்கே வண்டிச் சக்கரம் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "வா" என்று கூடச் சொல்லவில்லை.

"நான் லிசார்தோ."

"அந்த மூஞ்சியை நான் மறப்பேனா?"

"அது கைதான், ஒனேசிமோ. நான் பொய் சொன்னேன்."

"யார்கிட்டய்யா சொல்ற? கிட்டத்துல நின்னு பார்த்தவன் நான். எனக்குத் தெரியாததைச் சொல்லவா மலையேறி வந்தே? எங்கப்பா சாகுற வரைக்கும், 'தம்பி, கண்ணு ஏமாத்தியிருக்குமோ'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பெத்த அப்பனே நம்பல. போ. உங்க ஊர்ல போய்ச் சொல்லு."

லிசார்தோ வந்து காரில் ஏறிக்கொண்டார். மலை முகட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் வால்முவேசாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தார். "அவர் சொல்றது நியாயம்தான், டீச்சர்" என்றார்.

லிசார்தோ நம் ஊரில் சொன்னாரா? சொன்னார்! சுரங்கக்காரர்களின் காவல் புனிதை சாந்த பார்பராவின் திருநாள் விருந்தில், சுரங்கத் தொழிலாளிகள் அத்தனை பேரும் கூடியிருந்த மண்டபத்தில், எழுந்து நின்று சொன்னார். "அது கை. நான் பொய் சொன்னேன். ஒரு மனுஷனோட பொழப்பு போச்சு." நாம் என்ன செய்தோம்? சிரித்தோம்! மேசையைத் தட்டினோம்! "தெரியும்ப்பா! கைன்னுதானே கொண்டாடுறோம்!" என்று யாரோ கத்தினார்கள். அவர் மறுபடி பேச வாயெடுத்தபோது திருநாள் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு முடியும் வரை அவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதன் தன் குற்றத்தைச் சொல்ல வந்தால், அதைக் கூடக் காது கொடுத்துக் கேட்காத ஊர் உண்டா? உண்டு. நாம்தான்!

அடுத்த ஆண்டும் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியை அணைத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு அழைப்பே போகவில்லை. அவர் வீட்டுக் கதவில் கறுப்பு மையால் "வால்முவேசாக்காரன்" என்று எழுதினார்கள். ஒப்தூலியா அம்மையார் அதைத் தேய்த்துத் தேய்த்து, கதவின் நிறமே போய்விட்டது. பாதிப் பிள்ளைகளைப் பயிற்சியிலிருந்து பெற்றோர் நிறுத்திக்கொண்டார்கள். பொய் சொன்னபோது தோளில் தூக்கினோம். உண்மை சொன்னபோது தெருவில் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டோம். சொல்லுங்கள் தோழர்களே, யார் வெட்கப்பட வேண்டும்?

அவர் யாரையும் திட்டவில்லை. மிஞ்சிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வால்முவேசாவுக்குப் போனார். அங்குள்ள பிள்ளைகளோடு கலந்து, இரண்டு ஊருக்கும் பொதுவாக அணிகள் பிரித்து, ஞாயிறுதோறும் ஆட்டம் வைத்தார். அந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. தவறு செய்த பிள்ளை தானே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். முதல் மாதங்களில் அடிதடிதான்! "நீ சொல்லேன்டா!" "நீதான் தள்ளினே, நீ சொல்லு!" என்று ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். அவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருப்பார். யாராவது சொல்லும் வரை ஆட்டம் தொடங்காது. ஒனேசிமோ பட்டறை வாசலில் நின்று பார்ப்பார், கிட்டே வந்ததில்லை. ஒருநாள் பந்தில் காற்று இறங்கிவிட்டது. ஒரு பிள்ளை அதை அவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். காற்றடித்துக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் இருவருக்குள்ளும் நடந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் நடந்ததாகச் சொல்லி உங்கள் மனதைக் குளிர்விக்க எனக்கு விருப்பமில்லை.

கரித்தூள் நுரையீரலைத் தின்று, மருத்துவமனையில் பேச மூச்சில்லாமல் கிடந்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "இரங்கல் கூட்டம் வைப்பாங்க, டீச்சர். அப்ப என்னைப் புகழ்ந்துட்டு விட்டுடாதீங்க. எழுந்து போக முடியாம எல்லாரும் உட்கார்ந்திருப்பாங்க. அப்பச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். இப்போது, கழகத் தலைவர் அவர்களே, தயவுசெய்து கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இன்னும் ஒன்று இருக்கிறது.

வாசல் கதவருகே நனைந்த மேல்கோட்டோடு ஒரு பெரியவர் நிற்கிறார். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. அவர்தான் ஒனேசிமோ ரபனால். மலை தாண்டிப் பேருந்தில் வந்திருக்கிறார். கூட்டம் தொடங்குமுன் அவரிடம் போய் நன்றி சொன்னேன். "நன்றியெல்லாம் வேண்டாம்மா. நான் மன்னிக்க வரல. உங்க ஊர் சொல்லுதான்னு கேட்டுட்டுப் போக வந்தேன்" என்றார்.

நகரத் தலைவர் அவர்களே, நிகழ்ச்சி முறைப்படி நான் இப்போது மௌன அஞ்சலி கேட்க வேண்டும். கேட்க மாட்டேன். இந்த விஷயத்தில் நம் ஊர் காத்த மௌனம் போதும். லிசார்தோ ஃபியேரோ அவர்கள் தொடங்கிய ஞாயிறு ஆட்டம் நிற்காது. நான் இருக்கும் வரை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையேறுவேன். அடுத்த மாதம் முதல் வால்முவேசாப் பிள்ளைகளும் இங்கே வருவார்கள், நம் மைதானத்தில் ஆடுவார்கள். கழகம் கதவைப் பூட்டினால் சுரங்கத்து வெளியில் கோடு போட்டு ஆடுவோம். இது அவர் பெட்டியைத் தொட்டு நான் கொடுத்த வாக்கு.

ஆனால் ஒனேசிமோ அவர்கள் கேட்க வந்ததை நான் மட்டும் சொன்னால் போதாது. நான் அன்று மைதானத்தில் இல்லாதவள். பாடியவர்கள் நீங்கள்.

நான் இப்போது மேடையை விட்டு இறங்கி, அவரிடம் போகிறேன். அவர் முன்னால் நின்று, அது கைதான் என்று சத்தமாகச் சொல்லப் போகிறேன். எனக்குப் பின்னால் எழுந்து வருகிறவர்கள் வாருங்கள்.