கீழேயிருந்து வெட்டியவன்

பகல் பன்னிரண்டு மணி. அறுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். மாரண்டஹள்ளியிலிருந்து மேற்கே, மலையோரமாகப் போகிற வண்டிப்பாதை. ஈ காக்கை இல்லை.

ஆமாம், பகல்தான். இவ்வளவு நேரம் நீங்கள் சொன்ன புதையல் கதைகளில் எல்லாம் ராத்திரி, அரிக்கேன் விளக்கு, நாய் ஊளை. ஒருத்தர் ஒகேனக்கல் மணலைத் தோண்டி வலையில் கட்டுகிற ஈயக் குண்டு எடுத்தார். இன்னொருத்தர் மாட்டுக் கொட்டகையைத் தோண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சிரித்தோம். இது சிரிக்கிற கதை இல்லை. என் வீட்டுக்காரியின் பெரியப்பாவுக்கு நடந்தது. அவர் வாயால் கேட்டது. ரயில் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, பொம்மிடி ஸ்டேஷனில் கரண்டும் இல்லை... கிட்டே வந்து உட்காருங்கள்.

அவர் பெயர் அப்துல் ரஷீத். பாலக்கோட்டுக்காரர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற தொழில். சைக்கிளின் பின்னால் துருத்தி, கரிமூட்டை, ஈயம் ஒட்டுவதற்குத் தேய்க்கிற நவச்சாரம் ஒரு டப்பா. ஊர் ஊராகப் போவார். தெருமுனையில் குழி பறித்து, கரி மூட்டி, துருத்தி ஊதினால் பெண்கள் அண்டா குண்டானோடு வந்துவிடுவார்கள். இருபது வருஷம் அந்தப் புகையைக் குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இருமினால் கரி வரும். நிழலில் உட்கார்ந்து வேலை செய்ய ஒரு கடை வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

அந்த மலையோரத்தில் ஒரு குக்கிராமம். முப்பது வீடு. அங்கே மாதையன், காளியப்பன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். மானாவாரிக் காடு நாலு ஏக்கர். காட்டின் மூலையில் ஒரு வேடியப்பன் கல். பழைய காலத்தில் சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல்... ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம், காலடியில் மாடு. வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் பூசிப் பொங்கல் வைப்பார்கள். மற்ற நாளில் கிட்டே போக மாட்டார்கள். அதுவும் உச்சிப்பொழுதில் மாடுகூட அந்தப் பக்கம் மேயாது.

அந்தக் கல்லுக்குப் பத்தடி தள்ளி உழுதபோது மாதையனின் ஏரில் ஒரு செம்புப் பானை மாட்டியது. வாய் நசுங்கி, களிம்பேறி, உள்ளே மண். ஈயம் பூசித் தரச் சொல்லி ரஷீத்திடம் கொடுத்தான். புளியும் மணலும் போட்டுத் தேய்த்தார். அடியில் ஏதோ கோடு கோடாக எழுத்து தெரிந்தது. அது என்ன எழுத்து என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மாதையன் ஆவலாக முகத்தைப் பார்த்தபோது அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"இது மேல வெச்ச அடையாளம் மாதையா. சரக்கு கல்லுக்கு அடியில இருக்கும்."

எதை வைத்து அப்படிச் சொன்னார்? ஒன்றையும் வைத்து இல்லை. கடைசி வரை அவர் அழுதது அதற்காகத்தான். 'நான் சும்மாதாம்பா சொன்னேன்... சும்மா சொன்னேன்.'

பதினைந்து நாள் கழித்து மாரியம்மன் திருவிழா. ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு பக்கத்து ஊர்த் தேருக்குப் போய்விட்டது. ராத்திரியில் தோண்டினால் விளக்கு வெளிச்சம் காட்டு வாட்சர் கண்ணில் படும். அதனால் பகல். ஆளில்லாத பகல். கிடைத்தால் ரஷீத்துக்கும் ஒரு பங்கு என்று பேச்சு. ராத்திரிக்குப் பயப்படுகிறவர்கள் உச்சிப்பொழுதுக்குப் பயப்படுவதில்லை... அது தப்பு.

சைக்கிளைப் புதருக்குள் படுக்கவைத்துவிட்டு ரஷீத் போனபோது தம்பிக்காரன் காளியப்பன் கல்லுக்கு முன்னால் இடுப்பளவுக்குத் தோண்டிவிட்டிருந்தான். கிணறு வெட்டுகிற ஆள். தோள் இரண்டும் உரல் மாதிரி இருக்கும். மாதையன் கூடவே நின்று மண்ணைக் கூடையில் வாரினான். ரஷீத்துக்கு வேலை, கூடையைக் கயிற்றில் இழுப்பது. வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் காலடியில் சுருண்டுவிட்டது.

ஆளுயரம் இறங்கியாயிற்று. மாதையனும் மேலே ஏறிவிட்டான். குழிக்குள் காளியப்பன் மட்டும், கடப்பாரையோடு.

ணங்.

கொஞ்சம் பொறுத்து, அடியிலிருந்து... ணங்.

காளியப்பன் நிமிர்ந்தான். மறுபடி குத்தினான். ணங். அடியிலிருந்தும் ணங்.

"அண்ணா... கீழ பொந்து இருக்குது. எதிர்ச் சத்தம் குடுக்குது பாரு!" அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

வேக வேகமாகக் குத்தினான். ணங்... ணங். ணங்... ணங். மூச்சு வாங்கிக் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான். 

அடியில் சத்தம் நிற்கவில்லை.

ணங்... ணங்... ணங்... நிதானமாக. கூலிக்காரன் ஒருத்தன் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வெட்டுகிற மாதிரி. ஒவ்வொரு வெட்டுக்கும் காளியப்பனின் பாதத்துக்குக் கீழே மண் லேசாகத் துள்ளியது.

"காளியப்பா, ஏறிடு," என்றார் ரஷீத். "வேணாம். ஏறிடு."

"சும்மா இருங்க பாய். இன்னும் ஒரு முழம்கூட இல்லீங்க."

இரண்டு கையாலும் கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கி ஓங்கிப் போட்டான். சத்தமே வரவில்லை. சரக்கென்று பாதிக் கடப்பாரை மண்ணுக்குள் போய்விட்டது. அந்த ஓட்டை வழியாக ஒரு காற்று வந்தது. வெதுவெதுப்பாக. கிடா வெட்டின இடத்தில் அடிக்குமே, பச்சை ரத்த வாடை... அந்த வாடை.

காளியப்பன் கடப்பாரையை உருவப் பார்த்தான். வரவில்லை. காலை அகட்டி வைத்து இழுத்தான். ஒரு சாண் மேலே வந்தது. அப்புறம் இரண்டு சாண் உள்ளே போனது.

"அண்ணா! இழுக்குது... கீழேர்ந்து இழுக்குது!"

விடச் சொல்லிக் கத்தினார்கள். அவன் விடவில்லையா, விட முடியவில்லையா தெரியாது. மாதையன் குழிக்குள் குதித்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்கள். நரம்பு புடைத்தது. மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண். மேலே, கீழே.

சட்டென்று கீழே இருந்த பிடி விட்டுப்போயிற்று. விட்டது மட்டும் இல்லை. அடியிலிருந்து யாரோ பலங்கொண்ட மட்டும் தள்ளினார்கள்.

கடப்பாரையின் மேல்முனை காளியப்பனின் தாடைக்கு அடியில் ஏறியது. எலும்பு உடைகிற சத்தம்... காய்ந்த கொட்டாங்குச்சியை மிதித்தால் கேட்குமே. பற்கள் மண் சுவரில் போய் ஒட்டிக்கொண்டன. அவன் கத்தவில்லை. கத்த வாய் இல்லை. கடப்பாரை உள்ளே போய் மறுபடி வந்தது. மார்பில். மறுபடி உள்ளே போய், மறுபடி வந்தது. உலக்கை போடுகிற மாதிரி, ஒரே தாளத்தில். அவன் சரிந்து விழுந்த பிறகும் நிற்கவில்லை. கொட்டின ரத்தம் தேங்கவே இல்லை. அந்த ஓட்டை வழியாகக் குடுகுடுவென்று உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"கயிறு! பாய், கயிறு போடுங்க!"

ரஷீத் கயிற்றை வீசினார். ஒரு முனையைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, வேடியப்பன் கல்லில் காலை முட்டுக்கொடுத்து, மல்லாந்து சாய்ந்தார். மாதையன் ஏறினான். கனம் தெரிந்தது. மாதையன் ஒல்லியான ஆள். இவ்வளவு கனம் ஏன்? இடுப்பு அறுந்துவிடும் போல இருந்தது. தலையை நீட்டிக் குழிக்குள் பார்த்தார்.

புழுதி. அதற்குள் மாதையனின் முகம், வாய் பிளந்து. கயிற்றைப் பற்றிய அவன் இரண்டு கைகள். அந்தக் கைகளுக்கு ஒரு முழம் கீழே... இன்னும் இரண்டு கைகள். மண் நிறம். மாதையனைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தன.

ரஷீத் இடுப்பிலிருந்த சுற்றைக் கழற்றினார்.

கயிறு புஸ்ஸென்று ஓடியது. பொத்தென்று ஒரு சத்தம்.

"பாய்... கயிறு பாய்... பாய்! பாய்!"

ஒரு ணங். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

அவர் ஓடினார். சைக்கிளைக் கிளப்பிப் பாதைக்கு வரும்போதும் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. ணங்... ணங்... வேலை தொடர்ந்து நடந்தது.

பாதைமுனையில் மாதையனின் பெண்சாதி தீர்த்தம்மாள் எதிரே வந்தாள். திருவிழாவிலிருந்து முன்னாலேயே திரும்பிவிட்டாள், கையில் பொரிகடலைப் பொட்டலம்.

"என்னாங்க பாய், இப்படி வேர்த்துக் கொட்டுது? எங்க வூட்டுக்காரரைப் பார்த்தீங்களா?"

"இல்லைம்மா. பார்க்கலையே."

"வூட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்."

அவர் நிற்கவில்லை.

மறுநாள் விடியற்காலம் மனசு கேட்காமல் திரும்பிப் போனார். வேடியப்பன் கல் நேராக நின்றது. முன்னால் குழி இல்லை. கொட்டின மண் குவியல் இல்லை. தரை பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு ஆவாரஞ்செடி, முழங்கால் உயரம், பூத்திருந்தது. பிடுங்கிப் பார்த்தார். அசையவில்லை. வேர் அவ்வளவு ஆழம்.

அன்றைக்கு ராத்திரி பாலக்கோட்டில், அவர் படுத்திருந்த பாய்க்குக் கீழே ஆரம்பித்தது. மெதுவாக. ரொம்ப ஆழத்தில். ணங்... சம்சாரம் ஜான் பீயை எழுப்பினார். "கேக்குதா?" அவளுக்குக் கேட்கவில்லை. பாயை அடுப்படியில் போட்டார். அங்கேயும் கேட்டது. வாசலில் போட்டார். அங்கேயும். ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கிட்டத்தில். நாலாம் நாள் அவரே போலீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். 

முதலில் அடித்தார்கள். அப்புறம் ஆள் வைத்துத் தோண்டினார்கள். இரண்டு நாள் ஆயிற்று. மேலே அத்தனையும் கை படாத மண் என்று கூலிக்காரர்கள் சத்தியம் பண்ணினார்கள். இரண்டாள் ஆழத்துக்குக் கீழே அண்ணனும் தம்பியும் கிடந்தார்கள். ஆவாரஞ்செடியின் வேர் காளியப்பனின் விலா எலும்புக்குள் புகுந்து வெளியே வந்திருந்தது. ஒரே வாரத்துக்குள்.

கேஸ் நடந்தது. சர்க்கார் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த ரெண்டு கை காளியப்பனோடதா இருக்கக் கூடாதா? உயிர் இருந்து, அண்ணனைப் பிடிச்சிக்கிட்டு ஏறியிருக்கக் கூடாதா?"

புழுதியில் ரஷீத் பார்த்தது கைகளை மட்டும்தான்.

உடையாத மண்ணுக்கு அடியில் ஒற்றை ஆள் எப்படி இரண்டு பிணத்தைப் புதைக்க முடியும் என்று யாராலும் சொல்ல முடியாமல் கேஸ் தள்ளுபடியானது. ஆனாலும் தீர்த்தம்மாள் ஒரு நாள் வீடு தேடி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"கயிறை வுட்டீங்களே... அப்போ அவரு என்னாங்க சொன்னாரு?"

"...என்னைத்தாம்மா கூப்பிட்டான்."

"வையலையா?"

"வையலைம்மா. கூப்பிட்டான்."

அவள் போய்விட்டாள். அதற்குப் பதில் அவள் கையால் கன்னத்தில் ஒரு அறை வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்பார் ரஷீத்.

அப்புறம் அவர் தரையில் படுக்கவில்லை. தர்மபுரியில் எங்கள் சொந்தக்காரர் ஒருத்தரின் மாடியறைக்குக் குடி வந்தார். மாடியில் சத்தம் கேட்காது. கடைத்தெருவுக்குப் போனாலும் ஓரிடத்தில் நிற்க மாட்டார், நடந்துகொண்டே இருப்பார். ஏழு வருஷம் அப்படி. கடைசியில் நெஞ்சு அடைத்துப் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே... என்னை மண்ணுல வெக்காதீங்க." முஸ்லிமாகப் பிறந்தவரை வேறு எங்கே வைப்பது? கட்டையில் வைத்து எரிக்க முடியுமா? தலையை ஆட்டினேன். பொய்தான்.

எழுபத்தாறு, ஐப்பசி. கபர்ஸ்தானில் குழி வெட்ட நாங்கள் நாலு பேர் போனோம். பத்து மணி வெயில். மண் நல்ல இறுக்கம். முழங்கால் ஆழம் போகும்போது என் மண்வெட்டி பொசுக்கென்று உள்ளே இறங்கியது. மேல் மண் பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது.

அடியில் குழி இருந்தது. ஏற்கெனவே வெட்டின குழி. நீளம், அகலம், ஆழம் எல்லாம் அவருக்கு அளவெடுத்த மாதிரி. மேலேயிருந்து இல்லை, கீழேயிருந்து வெட்டி வந்திருந்தது. சுவரில் விழுந்த வெட்டெல்லாம் மேல்நோக்கி இருந்தது. தரையைக் கூட்டி, விருந்தாளி வருகிற வீட்டு வாசல் மாதிரி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது.

அதை மூடிவிட்டு, இருபதடி தள்ளி, வேறு இடத்தில் வெட்டினோம்.

அங்கேயும் இருந்தது. தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை.