ஏழாம் பதிப்பில் ஒரு வரி

வோக்ஸ்ஹோல் ரயில்பாலத்து வளைவுகளுக்குக் கீழே இருக்கிற கிளப்புகளுக்குத் தடித்த கோட் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அதைக் கழற்றிக் கொடுத்துத் துண்டு வாங்கும் வரிசையிலேயே அரை மணித்தியாலம் போய்விடும். மாசி மாதமானாலும் மெல்லிய ஜக்கெற் போதும், உள்ளே போனால் ஐந்து நிமிஷத்தில் வியர்க்கும்.

கம்சிகா, நீர் கேட்ட முன்னுரையை இப்படித் தொடங்கலாம் என்றுதான் நினைத்தேன். லண்டனில் ஆண்களை விரும்பும் தமிழ் ஆண்களுக்காக ஒரு மனிசன் பன்னிரண்டு வருஷமாகத் தமிழில் பார் கைட், பார்களுக்கு வழிகாட்டி, எழுதியிருக்கிறார், அதைப் புத்தகமாகப் போடப் போகிறோம், அவர் யார், ஏன் எழுதினார் என்று நாலு பக்கம் தாருங்கோ என்று கேட்டீர். யார் என்பது சுலபம். பெயர் கிருஷ்ணராசா. வயது ஐம்பத்து நாலு. கோலியர்ஸ் வுட்டில் மனைவி சுசிலாவோடும் இரண்டு மகள்மாரோடும் இருக்கிறேன். தமிழ்க் கடைகளுக்கு வான் வண்டியில் சாமான் போடுவது தொழில். எட்மண்டனில் இருந்து குரொய்டன் வரைக்கும் கடைக்காரர்களுக்கு நான் வான் அண்ணை.

பிறகு நீர் இன்னொன்றும் கேட்டீர். பழைய பிரதிகளைச் சேர்த்தபோது ஏழாம் பதிப்பு மட்டும் இரண்டு விதமாகக் கிடக்கிறது, எதைப் போடுவது என்று. அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் எழுதும் கைட்டுகளை நீர் பார்த்திருப்பீர். ஓல்ட் கொம்ப்டன் வீதியில் எந்தப் பாருக்கு எந்த வயதுக்காரர் வருவார்கள், கிளாப்பமில் எங்கே நன்றாக ஆடலாம், டோல்ஸ்டனில் எந்த நிலவறையில் சேலை கட்டிய ஆண்பிள்ளை பாடுவார் என்றெல்லாம் இருக்கும். நானும் அதை எழுதினேன். ஆனால் ஒவ்வொரு பாருக்கும் கீழே, பக்கத்தில் எந்தத் தமிழ்க் கடை, கவுண்டரில் நிற்பவர் யார், ஊர் எது, எத்தனை மணிக்குப் பூட்டுவார் என்பதும் இருக்கும், அவர் கண்ணில் படாமல் போய்வர. ‘பெற்றோல் ஷெட்டில் நிற்பவர் வட்டுக்கோட்டை. கண்ணாடி போடாமல் நிற்பார். செவ்வாய், புதன் போகலாம்.’ சாமான் போடுகிறவனுக்குத் தெரியாத கடை லண்டனில் இல்லை.

நீர் இங்கே பிறந்த பிள்ளை, உமக்கு இது பகிடியாக இருக்கும். எனக்குப் பகிடியில்லை. யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் உம்மைக் கண்டால் முதலில் பெயரைக் கேட்கமாட்டார். “ஊரிலை எவடம்?” என்பார். அடுத்தது, யாருடைய மகன் என்று, “ஆற்றை மோன்?” மூன்றாவது கேள்விக்குப் போனைக் கையில் எடுத்துவிடுவார். ஷெல்லடிக்குத் தப்பி, காட்டாலும் கடலாலும் வந்து சேர்ந்த சனம், வந்த கையோடு தொடங்கிய வேலை ஒருவரை ஒருவர் வேவு பார்த்ததுதான். இந்தச் சனத்தின் மேல் எனக்குள்ள கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மற்றப் பக்கம் மட்டும் திறமோ? பார் வாசலில் என் பையைத்தான் இரண்டு தரம் கிளறுவார்கள். உள்ளே போனால் ஒருவன் எந்த ரெஸ்ரோரண்டில் சமைக்கிறாய் என்று கேட்பான். இரண்டு பக்கத்தாலும் வயிறெரிந்துதான் நான் இருந்து எழுதினேன்.

கடைகள் கைமாறும்போதெல்லாம் புதுப் பதிப்பு. நாற்பத்திரண்டு பேருக்கு ஒவ்வொருவராக அனுப்புவேன். வாட்சப் குறூப் போட்டதில்லை, போட்டால் ஒருவரின் நம்பர் மற்றவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒருவருக்கு வந்ததை மற்றவர் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருவன் தர்சிகன். கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பெடியன், பார்மசியில் வேலை. தகப்பன் இல்லை. தாய் தவமலர், தங்கச்சி சயந்தினி. வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்பவர் தாய்மாமன் இராஜேந்திரன். என் கைட்டில் ஒரு கடை பூட்டும் நேரம் பிழை என்று எழுதினான், அப்படித்தான் பழக்கமானது. மூன்று வருஷம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், என் வானுக்குள் இருந்து பிளாஸ்கில் பால் ரீ குடித்துக் கதைப்போம். அவனுக்கென்று பச்சைக் கரை போட்ட கப் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அவன் கையைக்கூட நான் தொட்டதில்லை, அதையும் முன்னுரையில் போடும். அவன் என்னை அண்ணை என்றான். நானும் அண்ணையாகவே இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின தைப்பொங்கல் கழிந்த கிழமை அவன் ஆதித்யாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். கோயம்புத்தூர்ப் பெடியன், கொம்பியூட்டர் வேலை. வானின் முன் சீற்றில் நடுவில் ஏறி இருந்தான். தர்சிகன் பச்சைக் கரைக் கப்பில் இரண்டு மிடறு குடித்துவிட்டு அதை அவனிடம் கொடுத்தான்.

“உங்க கைடு படிச்சேன் அண்ணா, ரொம்ப நல்லா இருக்கு,” என்றான் ஆதித்யா. “ஆனா எனக்கு இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாரும் இல்ல. யாரு பார்த்தா எனக்கென்ன?”

தர்சிகன் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். “அண்ணை, நான் அம்மாட்டைச் சொல்லப்போறன்.”

“விசரே உமக்கு?”

“யோசிச்சுத்தான் சொல்லுறன். ஆவணியிலை தங்கச்சியின்ரை கலியாணம். அது முடிய அடுத்த கிழமை நானாச் சொல்லுவன். அதுமட்டும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, தெரிஞ்சால் அவளின்ரை கலியாணம் குழம்பிப்போம். அதுவரைக்கும்தான் உங்கடை கைட் தேவை.” கப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “அதுக்குப் பிறகு ஏன்? குறை நினையாதேங்கோ அண்ணை. நீங்கள் எழுதினது போற இடத்துக்கு வழியில்லை. ஒளிக்கிறதுக்கு வழி,” என்றான்.

நானும் சிரித்தேன். அன்று வீட்டில் சுசிலா போட்ட சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிவிட்டேன். அவன் சொன்னது பொய்யென்றால் எனக்குக் கோபம் வந்திராது. அவன் போய்ச் சொல்ல, அந்தத் தாய், சரி மோனை, வந்து சாப்பிடு என்று சொல்லிவிட்டால்? அப்படிச் சொல்லக்கூடிய ஒரு தாய் செவன் கிங்ஸில் இருப்பாவென்றால், இருபத்தைந்து வருஷமாக நான் சுசிலாவுக்குப் பக்கத்தில் மரக்கட்டை மாதிரிப் படுத்தது எதற்கு? என் அம்மா சாகக் கிடக்கும்போது போனில் அவவுக்குப் பொய் சொன்னது எதற்கு? இவ்வளவு சுகமான வழி ஒன்று இருந்தது என்று எனக்கு வந்து காட்ட அவனுக்கு ஒரு உரிமையும் இல்லை. அவன் ஒருக்கால் பயப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஒரே ஒருக்கால்.

வோக்ஸ்ஹோலில் புளூ லான்ரன் என்று ஒரு பப் இருந்தது. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ரீயும் கேக்கும் தருவார்கள், பழைய பாட்டுக்குச் சோடி சோடியாக ஆடலாம். அவர்கள் இருவருக்கும் பிடித்த இடம். பக்கத்துக் கடை பதினைந்து வருஷமாக ஒரு குஜராத்திக் குடும்பத்தின் கையில் இருந்தது. ஏழாம் பதிப்பில் தர்சிகனுக்குப் போன வரி இது: ‘பக்கத்துக் கடை குஜராத்திக்காரர். ஞாயிறு பூட்டு. வாசலில் நிற்கலாம், பயமில்லை.’

மற்ற நாற்பத்தொரு பேருக்கும் போன வரி: ‘பக்கத்துக் கடை கைமாறிவிட்டது. அளவெட்டி ஆட்கள். ஞாயிறும் உள்ளே ஆள் நிற்கும். இந்தப் பக்கம் போக வேண்டாம்.’

வாங்கியவர் இராஜேந்திரன், தர்சிகனின் மாமன். எங்கள் ஆட்கள் புதுக் கடை எடுத்தால், நாள் பார்த்துப் பால் காய்ச்சும்வரைக்கும் வெளியில் மூச்சுவிட மாட்டார்கள், கண்ணூறு பட்டுவிடும் என்று. அவர் சொந்தத் தமக்கைக்கே சொல்லவில்லை. வைகாசியில் நாள் வைத்திருந்தார். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சாமான் வைக்கத் தட்டு அடித்துக்கொண்டிருப்பார். முதல் சாமான் போட்டவன் நான். “அண்ணை, வெளியிலை ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ,” என்றார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, நாற்பத்தொரு பேரைத் தவிர.

சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிறு, நாலே முக்கால் மணி. நல்ல வெயில். இரண்டு பேரும் பப் வாசலில் நின்றார்கள். ஆதித்யா என்னவோ சொல்ல, தர்சிகன் சிரித்து அவன் தோளில் நெற்றியை வைத்தான். அந்த நேரம் பார்த்து இராஜேந்திரன் வெறும் பெட்டிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் கத்தவில்லை. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நடந்துபோய், மருமகனைச் சட்டையில் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். பியர் பீப்பா இறக்குகிற நிலவறைக் கதவு நடைபாதையில் திறந்து கிடந்தது. உள்ளே பத்துக் கல்படி. கீழே பார்த்துவிட்டு அவர் தன் தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார். இப்போது சிறையில் இருக்கிறார்.

இவ்வளவு விபரம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீர் கேட்பீர். வீதிக்கு மற்றப் பக்கம் வானுக்குள் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாமான் போடுவதில்லை. அந்தப் பதிப்பை அனுப்பிய பிறகு நாலு ஞாயிறு அங்கே போய் நின்றேன், அது நாலாவது. அம்புலன்ஸுக்குப் போன் அடித்தவனும் நான்தான். பொலிஸ் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். கைட்டைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்தது ஒரு கன்னத்து அறை, வீட்டில் கொஞ்ச நாள் சண்டை. கலியாணம் குழம்பும், அவன் திரும்ப வானுக்கு வந்து, அண்ணை, நீங்கள் எழுதினதுதான் சரி என்பான். படிகளை நான் யோசிக்கவில்லை, நிலவறைக் கதவைப் பூட்டாமல் விட்டது பப்காரரின் பிழை.

தர்சிகன் சாகவில்லை. செவன் கிங்ஸ் வீட்டின் கீழறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். வலது பக்கம் இயங்காது, பேச்சில்லை. ஆட்களை அடையாளம் தெரிகிறது, சொல்வதும் விளங்குகிறது என்று டொக்ரர்மார் சொல்கிறார்கள். சயந்தினியின் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் மாதம் தவமலரக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. “எனக்கு முந்தியே தெரியும் தம்பி. பெத்தவளுக்குத் தெரியாதே? தானா வந்து சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். கேட்டுக் கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டு.” பிறகு, “அண்டைக்குப் பக்கத்திலை நிண்ட அந்தப் பெடியன் எங்கை? ஒருக்கா வரச்சொல்லுங்கோ. இவன் கதவைக் கதவைப் பாக்கிறான்,” என்றா.

அந்த மனிசியின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தெரிந்தால் வாயைத் திறந்திருக்கலாமே? ஒரு வசனம் போதுமே. அதை அவ நேரத்துக்குச் சொல்லியிருந்தால் எனக்கு அந்த வரி எழுத வேண்டி வந்திராது. இதில் பாதிப் பழி அவவுக்கு. நான் மீதியை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆதித்யா இந்தியாவுக்குப் போய்விட்டான், அங்கே கலியாணமும் முடிந்துவிட்டது என்று அவவிடம் சொன்னேன். அவ அழுதா. ஆதித்யா எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குப் போன் அடிப்பான். “அண்ணா, இந்த வாரம் போகலாமா? தூரத்துல இருந்து ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்.”

“இப்ப வேண்டாம் தம்பி,” என்பேன். “மாமன்ரை ஆக்கள் வீட்டைச் சுத்தி நிக்கினம். கண்டால் உம்மையும் விடமாட்டினம்.”

அங்கே யாரும் நிற்பதில்லை. வீட்டு வாசலில் அடுத்த வீட்டுக்காரரைத் தவிர வேறு ஆளை நான் கண்டதில்லை.

உமக்கு ஏழாம் பதிப்பில் தர்சிகனுக்கு மட்டும் போன பிரதியைத் தந்தவன் ஆதித்யாவாகத்தான் இருக்க வேண்டும், தர்சிகன் அவனுக்கு அனுப்பியிருப்பான். ஆகவே இதை வாசித்து முடிக்க முன்னமே நீர் அவனுக்கு அடிப்பீர் என்று தெரியும். அடியும். அவன் நீர் சொல்வதைக் கேட்டுவிட்டு எனக்கு அடிப்பான், போகலாமா என்று கேட்க. பன்னிரண்டு வருஷமாக எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

புத்தகத்தில் நாற்பத்தொரு பேருக்குப் போனதைப் போடும். அதுதான் சரியான தகவல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவமலரக்கா கோயிலுக்குப் போய்வரும்வரைக்கும் தர்சிகனோடு நான்தான் இருக்கிறேன். மூன்று மணிக்குப் போய் ஆறு மணிமட்டும். பிளாஸ்கில் ரீ கொண்டுபோய், அவனுடைய பச்சைக் கரைக் கப்பில் ஊற்றி ஆற்றி, கரண்டியால் பருக்குவேன். இப்போது கையையும் துடைத்துவிடுவேன். சில நாட்களில் வாயை இறுக்கி மூடிக்கொள்வான், ரீ சூடு போல. என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுகிறான். யன்னல் வெளிச்சம் கண்ணில் குத்துகிறதாக்கும். அதனால் உள்ளே போனதும் முதல் வேலையாகத் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன்.