பைன் பேசும்

இல்ல தம்பி, கூரைக்குப் பைன் வேணாம். இரும்பே போட்டுரு. விலைக்காகச் சொல்லலப்பா. ஆலோய்ஸ் மாமா, ஆலோய்ஸ் மாமான்னு நீ அடுக்குறது அத்தனையும் சரிதான். பைன் லேசு, நேரா வளரும், ஆணி அடிச்சா சொன்ன பேச்சு கேக்கும், பிசின் வாசத்துல வீடே மணக்கும். தச்சனுக்கே நான் மரத்தைப் பத்திச் சொல்லணுமா? ஆனா அது பேசுமே. பனி ஏறினா மொனகுமே. அந்தச் சத்தத்துக்கு அடியில என்னால ஒக்கார முடியாது.

சிரிக்காத. நம்ம சிலேசியாவுல எந்தக் கரிச் சுரங்கத்துல வேணா கேளு, பாறைக்கு முட்டுக் குடுக்க ஏன் பைன்னு. ஓக் பலசாலிதான், ஆனா கமுக்கமா நின்னுட்டுத் திடீர்னு முறிஞ்சிரும். பைன் அப்படியில்ல. மேல பாரம் ஏற ஏறப் புலம்பும், நார் நாராக் கிழியும், ஓட நேரம் குடுக்கும். மாமியார்னுதான் அதுக்குப் பேரே. மாமியார் மொனகுறா, கெளம்புங்கடான்னுவோம்.

டீ ஆறுது பாரு, குடி.

உங்கப்பன் எவால்டும் நானும் பதினோரு வருஷம் ஒரே முட்டுக்குக் கீழ ஒக்காந்து ரொட்டி தின்னவங்க. ஆமா, பாறை சரிஞ்சு அவன் போன அன்னிக்குக் கத்துனது நான்தான். ஆறு பேரு பொழைச்சாங்க. அதுக்குத்தான் சுவத்துல அந்த மெடல். உங்கம்மா, சுரங்கக்காரங்களைக் காக்குற புனித பார்பரா திருநாளுக்கு வருஷம் தவறாம கேக் கொண்டாந்து குடுக்குறா, பாவம். என்ன சொல்றா? சம்மட்டியை எடுக்கத் திரும்பிப் போயிருப்பாரு, பிடிவாதக்காரருன்னுதானே? அதை அவளுக்குச் சொன்னதே நான்தான்.

துளை போடுற மெஷினு அவன் காதைத் தின்னுருச்சு தம்பி. ரெண்டையும். வேலை போயிரும்னு வெளிய சொல்லல, வீட்டுல உதட்டைப் பாத்தே சமாளிச்சான். காது சோதனையில டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னாடி நின்னு கேக்குதான்னு கேப்பாரு. எதிர்ல வரிசையில நிக்கிற நான் மூக்கைச் சொறிவேன், இவன் கேக்குதுய்யாம்பான். எனக்கு மட்டுந்தான் தெரியும். பைன் மொனகுனா நான் அவன் தோளைத் தட்டணும். அவ்வளவுதான் எங்க பேச்சு.

அன்னிக்கு எனக்கு மூணு அடி தள்ளித்தான் இருந்தான். முதுகைக் காட்டி, மண்டி போட்டுக் கரி வாரிக்கிட்டு. ஆறு பேருக்கும் கேக்குற மாதிரி கத்துனேன் தம்பி. கத்திக்கிட்டே ஓடுனேன். அவன் தோளைத்தான் தொடல.